மச்சினன் கையில் காற்று

பிப்ரவரி 10, திங்கள்

இன்று கொட்டகைக்கு இரண்டு வள்ளத்துச் சங்கு வந்தது. எல்லாம் உயிர்ச் சங்கு. பழுப்புத் தோல் போர்த்து, மூடியை இறுக்கிக்கொண்டு ஈரச் சாக்கில் கிடந்தன. கொதிக்கிற டிரம்மில் போட்டு எடுத்து, மூடிக்குக் கீழே கொக்கியைக் குத்தி, மணிக்கட்டைத் திருப்பி இழுக்க வேண்டும். சுருளோடு சேர்ந்து திருப்பினால் சதை முழுதாக வரும். மாற்றித் திருப்பினால் பாதியில் அறுந்து, வால் உள்ளேயே தங்கி அழுகும். சதை செங்கல் நிறத்தில், தடித்த நாக்கு மாதிரி இருக்கும். நான் அறுக்காமல் எடுக்கிறேன் என்று இன்னாசியா மாமி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதனால் அடுத்த இரண்டை வேண்டுமென்றே அறுத்தேன்.

என் கூடப்பிறந்த பிலோமி அக்கா தாமதமாக வேலைக்கு வந்தாள். இடது கண் வீங்கி மூடியிருந்தது. கதவு இடித்துவிட்டதாம்.

"ஏட்டி, உங்க வீட்டுக் கதவு மோதிரம் போட்டுருக்கோ?" என்றாள் மாமி. கண்ணுக்குக் கீழே சின்னதாக ஒரு வெட்டு இருந்தது.

அக்கா சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் கொக்கிகளைக் கழுவி வைத்தேன்.

பிப்ரவரி 11

டிரம்முக்கு விறகு உடைத்தேன். தலையில் இன்னும் சங்கு நாற்றம்.

நானும் கஸ்பார் அண்ணனும் அம்மா விட்டுப்போன பழைய வீட்டில் இருக்கிறோம். அக்காவும் அத்தானும் அடுத்த சந்து. அம்மா இருந்தபோது எட்டாவது வரை படித்தேன். எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் வராது, வகுப்பே சிரிக்கும். அம்மா செத்ததும் வீட்டு வேலையைச் சாக்குச் சொல்லி நின்றுகொண்டேன். எழுதுவது மட்டும் விடவில்லை.

தொபியாஸ் அத்தான் சங்கு குளிக்கிறவர். திரேஸ்புரத்தில் அவர் அளவுக்கு ஆழத்தில் தங்குகிறவர் இல்லை என்பார்கள். அடியில் இருக்கிறவருக்கு வள்ளத்துக் கம்ப்ரசரிலிருந்து டியூப் வழியாகத்தான் காற்று போகும். டியூப் மடங்காமல், சிக்காமல், விட்டும் இழுத்தும் ஒருவன் மேலே பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனைத்தான் வைப்பார்கள். சொந்தத் தம்பியைக்கூட வைப்பதில்லை. மச்சினன் என்றால் அக்காள் தாலியை நினைத்தாவது கை சோர மாட்டான். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று அத்தான் வீட்டார் முதலில் கேட்டது, "பொண்ணுக்குத் தம்பி இருக்கானா?" என்றுதான். அம்மா பெருமையாகக் கஸ்பார் அண்ணனைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

சாயங்காலம் கஸ்பார் அண்ணன் அத்தான் வீட்டு வாசலுக்குப் போனான். நான் பின்னாலேயே ஓடினேன்.

"யாரக் கேட்டுட்டுல என் வாசல்ல நிக்க?" என்றார் அத்தான்.

"எங்க அக்கா கண்ணக் கேட்டுட்டு நிக்கேன்."

அத்தான் படியிலிருந்து இறங்கிய வேகத்திலேயே அடித்தார். அண்ணன் தலை சுவரில் மோதிய சத்தம் தேங்காய் விழுந்த மாதிரி இருந்தது. அண்ணன் அவர் கையைக் கடித்தான், விடவேயில்லை. அத்தான் மற்ற கையால் அவன் வாயிலேயே குத்திக் குத்திக் கடியை விடுவித்தார். முன்பல் ஒன்று தெருவில் விழுந்தது. பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து விலக்கினார்கள்.

அத்தான் கையில் வழிந்த ரத்தத்தைக் கைலியில் துடைத்தார். "லேய், காலைல வள்ளத்துக்கு வந்துரு. பல்லத் தேடிட்டு உக்காந்துராத."

"வரலன்னா?"

"வராம எங்கல போவ? நீதான் எனக்குப் பிடிப்ப. என்னைய விட்டா உங்க அக்கா வெள்ளச் சேலைதான் கட்டணும். விடு பாப்போம்."

அக்கா உள்ளே இருந்து வரவில்லை. குக்கர் விசில் அடித்தது.

பிப்ரவரி 15

இரண்டு பேரும் சேர்ந்தே கடலுக்குப் போனார்கள். அண்ணன் உதட்டில் தையல். கஞ்சியை ஆற வைத்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கடல் இல்லாத நாள். பூசை முடிந்து வரும்போது அத்தான் என்னைக் கூப்பிட்டார்.

"ஊமச்சி, இங்க வா. உனக்கு ஒண்ணு கொண்டாந்தேன்."

அத்தான் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அவர் கையில் ஒரு சங்குப் பூ இருந்தது. ஆட்டுக் கொம்பு மாதிரி முறுக்கி, தட்டுத் தட்டாக இருக்கும். சங்கு முட்டை போடும் கூடு. நான் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காமல் பேசுகிறவர் இவர் ஒருவர்தான். வாசலில் உட்கார்ந்து அடியில் பார்த்ததை எல்லாம் சொன்னார். பூச்சிமணலில் குழாய் குழாயாகப் புழுக்கள் தலையை நீட்டி ஆடுமாம், நிழல் பட்டதும் அத்தனையும் ஒரே நேரத்தில் உள்ளே போய்விடுமாம். சங்கு அவசரமே படாதாம். மூக்கை அந்தக் குழாய்க்குள் விட்டு, புழுவை உறிஞ்சி எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போகுமாம். நட்சத்திர மீன் சிப்பியைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டே இருக்குமாம். சிப்பி களைத்துப் போய் ஒரு நூல் அளவு திறந்தால் போதும், தன் வயிற்றையே வெளியே தள்ளி அந்தச் சந்துக்குள் விட்டுவிடுமாம்.

"அவ்வளவும் நடக்கும், ஆனா சத்தமே இருக்காது. அங்க எனக்குக் கோவமே வராது, தெரியுமா?" என்றார்.

கூட்டின் ஒரு தட்டைப் பிளந்து காட்டினார். உள்ளே நகக்கண் அளவுச் சங்குக் குஞ்சுகள் இருந்தன. "நெறையப் பொறக்கும். கூடப் பொறந்ததத் தின்னு தின்னு, பெருசு மட்டும் வெளிய வரும்."

அக்கா டீ கொண்டுவந்தாள். கண் மஞ்சளாகியிருந்தது. அத்தான் டம்ளரை வாங்கும்போது அவள் தோள் தானாக ஒதுங்கியது.

பிப்ரவரி 19, புதன்

சாக்கில் செத்த சங்கு சில வந்தன. உள்ளே நண்டு குடியிருந்தது. மாமி தூக்கி எறியச் சொன்னாள். நான் இரண்டை மட்டும் பேசினில் தண்ணீர் விட்டு வைத்திருந்தேன். பெரிய நண்டு சின்னதன் சங்கைப் பிடித்துக்கொண்டு, தன் சங்கால் அதன் மேல் தட்டிக்கொண்டே இருந்தது. நிறுத்தி நிறுத்தித் தட்டும். நான் கூடை நிறையத் தோல் சுரண்டி முடிக்கும்வரை தட்டியது. கடைசியில் சின்னது தானாகவே வெளியே வந்தது. பின்பாகம் வெறும் தோல், மெத்தென்று, பார்க்கவே கூசியது. பெரியது வீடு மாறிக்கொண்டது. சின்னது பேசின் ஓரத்தில் நடந்துகொண்டே இருந்தது. பெரியது விட்டுப்போன சங்கு பக்கத்திலேயே காலியாகக் கிடந்தும் அதற்குள் போகவில்லை.

அக்காவும் பார்த்தாள். பேசினைத் தூக்கிக் கடல் பக்கம் கொட்டிவிட்டு வந்தாள்.

பிப்ரவரி 20

கஸ்பார் அண்ணன் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். பைப்பைக் கையில் ஒரு மடக்கு மடக்கினான். தண்ணீர் நின்றது. விட்டான், வந்தது.

"இவ்வளவுதான் ரெஜினா. ஒரு மடக்கு."

மறுபடி மடக்கினான். நான் போய்க் குழாயை அடைத்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

எழுத்து கோணினால் கோணட்டும்.

மீன் குழம்பு கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் அப்போதுதான் கரையிலிருந்து வந்திருந்தார். இன்னும் முடியில் உப்பு.

"உன் தம்பி இன்னைக்கு எனக்குப் படம் காட்டுதான்" என்றார் அக்காவிடம். "அடியில இருக்கேன், காத்து ஒரு நிமிசம் மெல்லிசாகுது, பொறவு வருது. மறுபடி மெல்லிசாகுது. என்னைய மெரட்டுதானாம். நீ சொல்லிக் குடுத்ததா?"

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்? டியூப் எங்கயாவது சிக்கியிருக்கும்."

"சிக்குனா எனக்குத் தெரியாதா?"

பேசிக்கொண்டே அடித்தார். முதலில் கன்னம். அப்புறம் முடியைப் பிடித்து அடுப்படித் திண்டில் மோதினார். அக்கா வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவளுக்கு மூன்று மாதம். அத்தானுக்கும் தெரியும். பொத்தியிருந்த கையின் மேலேயே மிதித்தார். கழுத்தைப் பிடித்து இழுத்ததில் சங்கிலி அறுந்து தாலி தரையில் உருண்டது. நான் கதவுக்குப் பக்கத்தில் குழம்புச் சட்டியோடு நின்றேன். கத்த வாயைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. சட்டியைக் கீழே போட்டேன். அது உடைந்த சத்தத்தில்தான் அத்தான் திரும்பினார்.

"ஊமச்சி, காலுல குத்திராம பாத்து வா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பிப்ரவரி 25

ஆஸ்பத்திரி. அக்காவின் இடது கையில் இரண்டு விரல் எலும்பு உடைந்திருக்கிறது. குழந்தைக்குத் துடிப்பு இருக்கிறதாம். பாத்ரூமில் வழுக்கிவிட்டேன் என்று அக்கா சொன்னதை நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தான். "நான் சும்மா பயங்காட்டத்தான் செஞ்சேன். அவரு உன்னையப் போட்டு இப்படி அடிப்பாருன்னு நெனைக்கலக்கா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லு. வாயத் தொறக்க வேண்டாம், தலைய ஆட்டு. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

நான் ஆரஞ்சு உரித்தேன். மூன்று பேரும் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன், சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அந்த வீடு அம்மா எனக்குச் சீதனமாக் குடுத்தது. நான் எதுக்கு வெளிய போணும்?" என்றாள்.

அறுந்த சங்கிலியையும் தாலியையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து தந்தாள். ஆசாரி கடையில் கொடுத்துப் பற்றவைத்து வரச் சொன்னாள். போனேன். கடையில் நாலைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்ன வேண்டும் என்று ஆசாரி கேட்டார். சொல்ல வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் அண்ணன் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். இவ்வளவு நாளும் சரியாகச் சாப்பிடாதவன். ரேஷன் கார்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று காட்டினான். வீட்டுச் சாவியில் ஒன்றை என் பாவாடை நாடாவில் கட்டிக்கொள்ளச் சொன்னான். நாளைக்குக் கடல் அமைதியாக இருக்குமாம். இதையும் சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவன் தூங்கிவிட்டான். குறட்டை கேட்கிறது.

அத்தான் நாளைக்கு இறங்கக் கூடாது. இறங்காவிட்டால் அண்ணன் கையில் எதுவும் இல்லை. அக்கா கழுத்தில் தாலிக் கட்டு இருக்கிறது என்கிற நம்பிக்கையில்தான் அத்தான் இறங்குகிறார். அந்தக் கட்டு போய்விட்டது என்று தெரிந்தால் எந்த மனுசனும் இறங்க மாட்டான்.

பிப்ரவரி 28, வெள்ளி

விடியும் முன்னே கரைக்குப் போய்விட்டேன். பெண்கள் வள்ளத்துப் பக்கம் போவதில்லை. எல்லோரும் பார்த்தார்கள். மச்சாடோ அண்ணாச்சி, வள்ளத்துக்காரர், கம்ப்ரசருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். அத்தான் ஈயப் பெல்ட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் டியூப்பைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தான்.

அத்தான் முன்னால் போய்க் கைக்குட்டையை நீட்டினேன். முடிச்சை அவரே அவிழ்த்தார்.

"என்னட்டி இது?"

வந்தது. எப்படி என்று தெரியவில்லை, குரல் வந்தது. "அக்கா குடுத்துவிட்டா. இனி வேண்டாமாம்."

அக்கா அப்படிச் சொல்லவில்லை.

மச்சாடோ அண்ணாச்சி டீசல் கேனைக் கீழே வைத்தார். "தொபியாசு, இன்னைக்கு எறங்காதீரும் வே. பேசித் தீத்துட்டு நாளைக்குப் போவும்."

கரையில் நின்றவர்கள் எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தான். "நீ என்னட்டி செஞ்சு வச்சுருக்க?" என்று முணுமுணுத்தான்.

அத்தான் தாலியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். அறுந்த சங்கிலியை ஒரு நூலால் முடிந்து தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். "எம் பொண்டாட்டிக்கு வேண்டாம்னா எனக்கு ஆச்சு. லேய் கஸ்பாரு, ஏறு. இன்னைக்கு நீ பிடிக்கிற பிடியப் பாப்போம்."

எல்லோருக்கும் எதிரே அவரால் இறங்காமல் இருக்க முடியாது. நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

கொட்டகைக்குப் போனேன். சதையை எல்லாம் அறுத்தேன். மாமி திட்டினாள்.

மத்தியானத்துக்கு முன்னே வள்ளம் திரும்பிவிட்டது. சீக்கிரம் வருவது நல்லதுக்கு இல்லை. ஓடினேன். அத்தானை நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். மூக்கிலும் காதிலும் ரத்தம். கால்கள் இரண்டும் ஈரத் துணி மாதிரித் தொங்கின. "காத்த நிறுத்திட்டான், காத்த நிறுத்திட்டான்" என்று கத்திக்கொண்டே இருந்தார். கழுத்தில் எதுவும் இல்லை.

மச்சாடோ அண்ணாச்சி கரையில் எல்லோரிடமும் சொன்னது இது. அத்தான் முதலில் இரண்டு முறை இறங்கியிருக்கிறார். என்றைக்கும் இல்லாத அளவுக்கு அடியில் தங்கியிருக்கிறார். மேலே வரும்போதெல்லாம், "என்னல, கை நடுங்குதா?" என்று அண்ணனைக் கேலி செய்திருக்கிறார். மூன்றாம் முறை இன்னும் நேரம் தங்கினார். திடீரென்று வள்ளத்துக்குச் சற்றுத் தள்ளி, முகக் கண்ணாடி இல்லாமல், ஈயப் பெல்ட் இல்லாமல், வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டு அம்பு மாதிரி மேலே வந்தார். அவ்வளவு ஆழத்திலிருந்து அப்படி வந்தால் கால் போய்விடும். குளிக்கிற எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"எஞ்சின் நிக்கவே இல்ல. இந்தக் காதால கேட்டுட்டே இருந்தேன்" என்றார் அண்ணாச்சி.

அப்படி ஆனால் உடனே மறுபடி அடியில் இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். அதுதான் இங்கே வழக்கம், சில பேருக்குக் கால் திரும்பியிருக்கிறது. இறக்கப் பார்த்திருக்கிறார்கள். அத்தான் வள்ளத்துக் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லையாம்.

"நானே டியூப் பிடிக்கேன் வேன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்" என்றார் அண்ணாச்சி. "என்ன சொன்னான் தெரியுமா? நீரு எனக்கு என்ன மொறைன்னு கேக்கான். நான் அவனுக்கு என்ன மொறை? ஒரு மொறையும் இல்ல. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

மார்ச் 1

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு வராது என்கிறார்கள். கடல் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள்.

அண்ணன் வலது உள்ளங்கையில் குறுக்காகக் கன்றிப் போன ஒரு கோடு. டியூப் அளவு அகலம். எப்போதும் டியூப் பிடிக்கிற கை, கன்றத்தான் செய்யும். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு அக்கா வந்தாள். "ஆசாரி குடுத்துட்டானா?"

தலையாட்டினேன், இல்லை என்று.

"கரையில என்னமோ பேசிக்கிடுதாவ. நான் தாலியக் குடுத்துவிட்டேனாமே. நான் உன்கிட்ட என்ன சொன்னேன்? பத்தவைக்கத்தானட்டி சொன்னேன்?"

அடித்தாள். உடையாத கையால். ஒரு அடி, இரண்டு அடி. அத்தான் அடிப்பது மாதிரியே கன்னத்தில் தொடங்கினாள். அது அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும், கை அப்படியே நின்றுவிட்டது.

அப்புறம் கேட்டாள். "குடுத்ததும் அவிய என்ன செஞ்சாவ?"

"கழுத்துல போட்டுக்கிட்டாவ."

"தாலியவா?"

"ம்."

"போட்டுக்கிட்டேவா கடல்ல எறங்குனாவ?"

"ம்."

அக்கா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நெற்றிச் சாம்பல் வியர்வையில் வழிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

மார்ச் 8

அண்ணனை எந்த வள்ளத்திலும் ஏற்றவில்லை. யாரும் நேரே எதுவும் சொல்லவில்லை. அவன் கிட்டே போனால், ஆள் இருக்கு என்கிறார்கள். மச்சாடோ அண்ணாச்சி மட்டும் தோளில் கை போட்டு, "எனக்கு உன் மேல ஒண்ணும் இல்லடே. ஆனா உன் கைய நம்பி எவன் எறங்குவான்?" என்று கேட்டாராம். அண்ணன் கேரளாவுக்கு விசைப்படகு வேலைக்குப் போகிறான். ஊறுகாய் பாட்டிலைச் சுற்றி வைத்தேன். கிளம்பும்போது என் தலையில் கை வைத்தான், அந்தக் கையை உடனே எடுத்துக்கொண்டான்.

மார்ச் 12, புதன்

அத்தானை ஆட்டோவில் கொண்டுவந்து வீட்டில் போட்டார்கள். இரும்புக் கட்டில், நடு வீட்டில். அத்தான் வீட்டார் அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள். "பொண்டாட்டி இருக்கால்லா, பாத்துக்கிடுவா" என்றார்கள்.

அக்கா கஞ்சி ஊட்டினாள். நாலாவது கரண்டிக்கு அவள் முடியைப் பிடித்துவிட்டார். கால் போனாலும் கை அதே கைதான், நாள் முழுக்க அடியில் சங்கு பெயர்த்த கை. கட்டில் கம்பியில் அவள் நெற்றியை மோதினார். "தம்பிய ஏவி விட்டுட்டு கஞ்சி ஊத்துதியா? கஞ்சி ஊத்துதியா?" நான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க மறுபடி மூடின. கடைசியில் கட்டை விரலைப் பின்னால் வளைத்தேன். சத்தம் கேட்டது. விட்டுவிட்டார்.

மார்ச் 13

அக்கா கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டாள். அவர் கை எவ்வளவு எட்டுகிறது என்று பார்த்து, அதற்கு வெளியே தரையில் கரியால் கோடு போட்டாள். சாப்பாட்டுத் தட்டைக் கோட்டிலேயே வைத்து, துடைப்பக் கட்டையால் உள்ளே தள்ளுகிறாள். தண்ணீர்ப் பாட்டிலையும் அப்படித்தான்.

"நாய்க்கு வைக்கிற மாதிரி வைக்க" என்று கத்தினார் அத்தான்.

"நாய்க்குக் கையால வைக்கலாம்" என்றாள் அக்கா.

ஆனால் துணி மாற்ற, உடம்பு துடைக்க, கோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். நேற்றிலிருந்து மாற்றவில்லை. வீடு நாறுகிறது.

மார்ச் 14, வெள்ளி

அக்கா தன் பழைய சேலையை நீளமாகக் கிழித்து என்னிடம் கொடுத்தாள். கயிறு என்றால் அறுக்குமாம்.

"கையக் கட்டுனா வாரேன்னு சொல்லு."

நான் போய் நின்றேன். அத்தான் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காறித் துப்பினார். என் கன்னத்தில் பட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். முதுகில் புண் வந்துவிட்டது. ஈ மொய்க்கிறது. இன்று பூசை முடிந்து போனபோது கண்ணை மூடிக்கொண்டு, "கட்டு" என்றார். மணிக்கட்டு இரண்டையும் கட்டில் கம்பியோடு கட்டினேன். அக்கா வந்து, முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் துடைத்து மருந்து போட்டாள். கோபமே இல்லாமல் செய்தாள். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அவள் வெளியே போன பிறகுதான் அவிழ்த்தேன்.

மார்ச் 19

கொட்டகை வேலை. இன்று ஒரு சங்கைக்கூட அறுக்கவில்லை. மாமி பாராட்டினாள். எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இருந்தேன்.

அக்காவுக்கு மசக்கை வாந்தி நின்றுவிட்டது. புளிச்சாறு கேட்டுக் குடித்தாள்.

மார்ச் 20

கட்டியிருந்தபோது அத்தான் மெதுவாகப் பேசினார். "அக்கா வேண்டாம்னு சொன்னான்னு சொன்னியே. அது நெசமா?"

முடிச்சைச் சரிபார்த்தேன்.

"அவன் நெசமாவே மடக்குனானா, எனக்குப் பயத்துல அப்படித் தோணிச்சான்னு இப்பத் தெரியல. அடியில எனக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. நீ சொன்ன ஒரு சொல்லு, அங்க கூட வந்துட்டு."

அக்காவுக்குக் கேட்டிருக்காது. அவள் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 23, ஞாயிறு

காலையிலேயே வெயில். பூசைக்குப் போய்விட்டு, கருவாடு வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தேன்.

நான் சேலைத் துணியை ஆணியிலிருந்து எடுப்பதற்குள் அத்தான் இரண்டு கையையும் தானாகவே கம்பிப் பக்கம் நீட்டி வைத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. அவர் மணிக்கட்டு இளைத்துவிட்டது, முன்பு கட்டிய இடத்தில் துணி தளர்ந்தது. இன்னும் இழுத்து முடிச்சுப் போட்டேன்.

"இறுக்கிட்ட ரெஜினா. வலிக்கு."

இவ்வளவு வருசத்தில் இன்றுதான் என் பெயரைச் சொல்கிறார்.

இன்னொரு சுற்றுச் சுற்றி முடிந்தேன். கரிக்கோட்டுக்கு வெளியே வந்து அக்காவைக் கூப்பிட்டேன். சத்தமாகத்தான் கூப்பிட்டிருப்பேன் போல. தெருவில் பூசை முடிந்து போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று எங்கள் வாசலைப் பார்த்தார்கள்.